அச்சமும் அதன் விலையும்: ‘ரெசிடென்ற் ஈவில் 4’ குறித்து ஒரு நோக்கு

ஜனரஞ்சகக் கலைவடிவங்களை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமா என்ற வினா நமது விமரிசன உலகுக்குப் புதியதன்று. தொடர்கதையும் மர்ம நாவலும் சினிமாவும் ஒவ்வொன்றாக இவ்வினாவைக் கடந்தே வந்துள்ளன. வெறும் பொழுதுபோக்கு வாசிப்பு என ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட நாவலை, அது தோன்றி வளர்ந்த சமூக மாற்றங்களோடு இணைத்து நோக்கும் முறையினைப் பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நமக்குப் பழக்கப்படுத்திற்று. எனினும் வீடியோ விளையாட்டு என்று வந்ததும் முற்போக்காளர் பலர் இன்னும் முகஞ் சுளிக்கின்றனர். ஏகாதிபத்தியப் பண்பாட்டின் போதைப்பொருள் என்று ஒரு வாக்கியத்திலே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. மறுபுறத்தில், விளையாட்டில் ஈடுபாடுடைய இளைஞர்களோ அதன் தொழில்நுட்ப நேர்த்தியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்றனரேயன்றி, அந்நேர்த்தி எதனைச் சொல்லுகிறது என்று கேட்பதில்லை. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்துப் பார்க்கும் பழைய நோயின் இரு முகங்களே இவை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 2005 ஜனவரியில் நின்டென்டோ கேம்கியூப் சாதனத்துக்கென வெளியிட்ட ‘ரெசிடென்ற் ஈவில் 4’ என்னும் விளையாட்டாகும். இதனை நெறிப்படுத்தியவர் சின்ஜி மிகாமி. 1996 இல் ஆரம்பித்த தொடரின் இந்தப் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தொடங்கிக் கைவிடப்பட்டு மீண்டும் தொடங்கப்பட்டது. அவ்வாறு கைவிடப்பட்ட வடிவங்களுள் ஒன்றே ‘டெவில் மே கிறை’ (2001) என்ற வேறொரு விளையாட்டாயிற்று. கதைமாந்தனின் தோளுக்குப் பின்னிருந்து உலகைப் பார்க்கும் இதன் காட்சிக்கோணம் பின்வந்த எத்தனையோ விளையாட்டுகளுக்கு இலக்கணமாயிற்று. 2023 இல் இது முற்றாக மீளுருவாக்கப்பட்டது. நாம் அண்மையில் முதன்முதலாக விளையாடியது 2005 ஆம் ஆண்டின் மூல வடிவத்தையே. கூற முற்படுவன யாவும் அவ்வடிவம் பற்றியனவே.

‘முதன்முதலாக’ என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே அழுத்துகிறோம். நாவலை இரண்டாம் முறை படிப்பவன் முதல் வாசிப்பிற் காணாத நுட்பங்களைக் காண்கிறான். பெறுகிறானேயன்றி இழப்பது குறைவு. இவ்வகை விளையாட்டில் நிலைமை வேறு. கதவுக்கு அப்பால் என்ன உள்ளது, கையிலுள்ள குண்டுகள் போதுமா, துரத்துவோர் எப்பொழுது நிற்பர் என்பன ஒருமுறையே அறியாதனவாயிருக்கும். இரண்டாம் முறையில் அவை கணக்குகளாகிவிடும். விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பலமுறை விளையாடித் தேர்ந்தவர்கள். ஆகவே அவர்கள் எழுதுவது கணக்கைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. அச்சம் எவ்வாறு கணக்காகிறது என்பதை முதல் தடவை விளையாடுபவனே கண்முன் காணமுடியும். நமது கருத்தில் இவ்விளையாட்டின் உண்மையான கதை அதுவே.

மேலோட்டமான கதை எளிதிற் கூறத்தக்கது. அமெரிக்க ஜனாதிபதியின் மகள் அஷ்லி கிரஹாம் கடத்தப்பட்டிருக்கிறாள். அவளை மீட்க லியோன் கென்னடி என்னும் முகவன் ஐரோப்பாவின் ஒதுக்கமான கிராமப்புறம் ஒன்றுக்கு அனுப்பப்படுகிறான். ஆனால் கதை தொடங்குமுன் வரும் முன்னுரையை யாரும் கவனியாது தாண்டிவிடக் கூடாது. தொடரின் முந்திய பகுதிகளிற் கொடுமைக்கெல்லாம் மூலமாயிருந்தது அம்பிரெல்லா என்ற மருந்துக் கொம்பனி. இலாபத்துக்காக உயிராயுதம் உற்பத்தி செய்து ஒரு நகரையே பிணக்காடாக்கிய நிறுவனம் அது. நான்காம் பகுதியின் முன்னுரை அக்கொம்பனியின் கதையை ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிடுகிறது: அரசாங்கம் அதன் வியாபாரத்தை நிறுத்தியது, பங்கு விலை சரிந்தது, கொம்பனி ஒழிந்தது. முதலாளித்துவம் உண்டாக்கிய பூதத்தை முதலாளித்துவ அரசும் பங்குச் சந்தையும் தாமே தீர்த்துவைத்துவிட்டனவாம்! இனி அச்சம் எங்கிருந்து வரும்? தொலைவான கிராமத்திலிருந்தும், அங்குள்ள மதக்குழுவொன்றிலிருந்தும், அதற்கு ஆட்பட்ட விவசாயிகளிடமிருந்தும் வரும். 2001 செப்டெம்பருக்கும் 2003 ஈராக் படையெடுப்புக்கும் பின்னர் வெளிவந்த ஒரு பண்டம், கொம்பனியின் இடத்தில் அந்நிய மதவெறிக் குழுவை அமர்த்தியமை தற்செயலெனக் கொள்ளல் கடினம்.

கிராமத்திலே முதலிற் சந்திக்கப்படும் மனிதன் தன் வீட்டு அடுப்பருகே நிற்கிறான். லியோன் அழையாமலே கதவைத் திறந்து உட்சென்று, பெண்ணின் புகைப்படத்தைக் காட்டி விசாரிக்கிறான். அந்த மனிதன் ஸ்பானிய மொழியிற் கோபமாக ஏதோ கூறி, கோடரியை எடுக்கிறான். சுடுகிறோம். தொடரின் பழைய பகுதிகளில் வந்த நடமாடும் பிணம் அன்று இது என்பதை லியோனே உணர்கிறான். பேசத் தெரிந்த, கருவி பிடிக்கத் தெரிந்த, வீடும் அடுப்பும் உள்ள மனிதன் அவன்.

சிறிது தூரத்தில் ஊர்ச் சதுக்கம் வருகிறது. மறைந்து நின்று பார்க்க விளையாட்டு நம்மை அனுமதிக்கிறது. நடுவே ஒரு காவற்காரனின் உடல் எரிந்துகொண்டிருக்கிறது. அதனைச் சுற்றி நிகழ்வதோ அன்றாட வேலை. ஒருவன் வைக்கோலைக் கிளறுகிறான், ஒருத்தி வாளி சுமந்து செல்கிறாள், இன்னொருவன் தள்ளுவண்டி தள்ளுகிறான், கோழிகள் மேய்கின்றன. நாம் அசையாதவரை அவர்கள் வேலையை நிறுத்துவதில்லை. நாம் அங்கே நெடுநேரம் நின்றோம். பயங்கரக் கதையிலே உழைப்பு இவ்வாறு காட்டப்படுவது அபூர்வம். நாம் அவர்களின் கண்ணிற் படும் கணத்தில் வைக்கோற் கவையும் அரிவாளும் கோடரியும் ஆயுதங்களாகின்றன. அவர்கள் கையில் வேறெதுவும் புதிதாக வரவில்லை. இருந்த உற்பத்திக் கருவியே திசை மாறுகிறது. சினமுற்ற விவசாயியைப் பற்றி ஆளும் வர்க்கம் எப்போதும் காணும் துர்க்கனவு இதுவல்லவா?

அதன்பின் நடைபெறும் மோதல், வடிவரீதியாக, இவ்விளையாட்டின் சிகரம் என்பது நமது துணிபு. லியோனின் உடல் கனமானது. அவன் நடக்கும்போது சுட முடியாது. குறிபார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். குறிபார்க்கும் வேளையில் முதுகுப்புறம் குருடாகிறது. அவர்கள் சூழ்ந்து, ஒருவரையொருவர் கூவி அழைத்து வருகின்றனர். வீடொன்றினுட் புகுந்து தளபாடத்தைத் தள்ளிக் கதவை அடைத்தால் ஏணி சார்த்தி மேல்மாடிச் சாளரத்தால் வருகின்றனர். சாக்கினால் முகம் மூடிய ஒருவன் சங்கிலி வாளோடு வருகிறான்; அதன் ஒரே வீச்சிலே தலை போய்விடும். குண்டுகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. வெல்வதற்கு வழியில்லை, ஏனெனில் அங்கே வெற்றி என்பதே அமைக்கப்படவில்லை. இனி முடியாது என்ற நிலையில் எங்கோ தேவாலய மணி ஒலிக்கிறது. உடனே அனைவரும் ஆயுதத்தைத் தாழ்த்தி, நம்மை மறந்து, மணியோசை வந்த திசை நோக்கிச் சென்றுவிடுகின்றனர். ஊர் வெறிச்சோடிவிடுகிறது.

முதற் தடவை விளையாடுபவனுக்கு அந்த மணி வரும் என்று தெரியாது. அவன் உயிர் தப்பியது திறமையினால் அன்று. வேறொரு அதிகாரம் தனக்குரிய ஆட்களைத் திருப்பியழைத்ததனால். தொழிற்சாலைக் காலத்தின் நேர ஒழுங்கினைப் பற்றி ஈ. பி. தொம்ஸன் 1967 இல் எழுதிய கட்டுரையை அறிந்தோர்க்கு, மணி என்பது உழைப்பவனின் உடல் மீது செலுத்தப்படும் அதிகாரத்தின் குரல் என்பதை விளக்க வேண்டியதில்லை. கோபத்தைக்கூட மணி அடித்ததும் கீழே வைத்துவிடவேண்டிய மனிதர்கள் அவர்கள். இந்த இருபது நிமிடத்தில் விளையாட்டு நமக்குத் தரும் அச்சம் உண்மையானது. அதனுள்ளே, இவர்களை இவ்வாறு ஆக்கியது யார் என்ற கேள்வியும் உண்மையாகவே பொதிந்துள்ளது.

கேள்வி நீடிக்கவில்லை. அதனை விழுங்குவது நாணயம்.

இறந்த கிராமத்தான் கிடப்பதில்லை. அவனுடல் நுரைத்துக் கரைந்து மறைகிறது. அந்த இடத்திற் பல வேளைகளில் ஒளிரும் பொருளொன்று கிடக்கும்: சில குண்டுகள், அல்லது சில பெசெற்றாக்கள். பிணம் பண்டமாக மாறுவதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய கலைவடிவம் வேறொன்றை நாம் கண்டதில்லை. முதலில் நாம் அந்த நாணயத்தின் பயனை அறியாமலே பொறுக்கினோம். காகத்தைச் சுட்டாலும் சில வேளை காசு விழுகிறது. பின்னர், மேலங்கியும் முகமூடித் துணியும் அணிந்த ஒரு வணிகன் தோன்றுகிறான். மேலங்கியை விரித்து உட்புறத்தில் தொங்கும் துப்பாக்கிகளைக் காட்டுகிறான். கிராமத்திலும் கோட்டையிலும் தீவிலும், எவரும் உயிரோடு செல்லமுடியாத இடங்களிலும், அவன் நமக்கு முன்பே வந்து நிற்கிறான். அவன் யார் பக்கம் என்று விளையாட்டு ஓரிடத்திலும் கூறுவதில்லை. வினா எழுவதற்கே இடமில்லை. சந்தைக்குப் பக்கம் உண்டோ?

அவனிடம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ரொக்கட் ஏவி 30,000 பெசெற்றா. காயத்தைக் குறைக்கும் காப்பங்கி 60,000. துப்பாக்கியின் வலு, வேகம், கொள்ளளவு ஒவ்வொன்றும் படிப்படியாக விலைக்கு உயரும். தேவாலயத்திலும் கல்லறையிலும் கோட்டையிலும் எடுத்த நகைகளை அவன் வாங்கிக்கொள்கிறான். ஓர் அணியின் உதிர்ந்த கற்களைத் தேடிப் பொருத்தி விற்றால் கூடிய விலை கிடைக்கும் என்பதை நாம் விரைவிற் கற்றுக்கொள்கிறோம். இவற்றையெல்லாம் வைப்பதற்குக் கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்ட ஒரு கைப்பெட்டி. துப்பாக்கியையும் முட்டையையும் மூலிகையையும் இடம் வீணாகாது திருப்பித் திருப்பி அடுக்குவதில் நாம் செலவிட்ட நேரம் கணிசமானது. இன்னும் பெரிய பெட்டி வேண்டும் என்றால் அதுவும் அவனிடம் உண்டு. மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் தொகுதியில் ஆதித் திரட்டல் பற்றிக் கூறியவற்றைப் பாடமாக நடத்தவேண்டிய ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த உபகரணம் கிடைப்பது அரிது: ஒரு நிலப்பரப்பின் குடிகளை அழித்து, அவர்தம் செல்வத்தை நாணயமாக்கி, அதனை மேலும் அழிக்கும் வலுவாக மாற்றும் சுழற்சி, சில மணித்தியாலங்களில் விரல் நுனியிலே பழகிவிடுகிறது.

இதனால் அச்சத்துக்கு நேர்வது என்ன? ஊர்ச் சதுக்கத்திலே பத்துப் பேர் வந்தால் நடுங்கிய நாம், கோட்டையை அடையும்போது பத்துப் பேர் வருவதை வரவாகக் காணத் தொடங்கியிருந்தோம். எதிரில் வருபவன் எத்தனை குண்டுக்கு விழுவான், விழுந்தால் என்ன தருவான் என்ற எண்ணமே முந்திக்கொண்டது. அச்சம் ஒழிந்து வீரம் பிறந்தது என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. அச்சம் விலையாக மாற்றப்பட்டது என்பதே பொருந்தும். 1996 ஆம் ஆண்டின் முதற் பகுதியிற் பணம் என்பதே இல்லை. அங்கே பற்றாக்குறை இறுதிவரை பற்றாக்குறையாகவே இருந்தது. நான்காம் பகுதியைப் பயங்கரத்திலிருந்து சாகசத்துக்கு மாறிய படைப்பென்று விமரிசகர் கூறுவது வழக்கம். அம்மாற்றத்தைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கையால் விளக்குவர். நமது கருத்தில் மாற்றத்தின் அச்சாணி வணிகனே.

விளையாடுவோன் அறியாதவாறு இயங்கும் இன்னொரு பொறிமுறையும் உண்டு. அடிக்கடி இறப்பவனுக்கு எதிரிகள் சற்றே இளகுவர். சிறப்பாக ஆடுபவனுக்கு அவர்கள் இறுகுவர். எப்போதும் சிறிது திணறி, எப்போதும் இறுதியில் வெல்லும் அளவுக்கு உலகம் இரகசியமாகச் சரிசெய்யப்படுகிறது. தன் முயற்சியால் முன்னேறினேன் என்ற உணர்வு இவ்வாறு உற்பத்தி செய்யப்படுவது. இதுபற்றி அதிகம் கூற வேண்டியதில்லை.

கிராமத்தாருக்கு விளையாட்டு இட்டுள்ள பெயர் ‘கனாடோ’. ஸ்பானிய மொழியில் அது கால்நடை எனப் பொருள்படும். மந்தையைப் போல ஆட்டிவைக்கப்படுவோர் என்பதே உத்தேசிக்கப்பட்ட பொருள். ஆயினும் அதே சொல் ‘ஈட்டப்பட்டது’ என்றும் பொருள்படும். ஈட்டுதல் என்ற வினையிலிருந்தே கால்நடைக்கு அப்பெயர் வந்தது. பண்டைத் தமிழில் ‘மாடு’ என்பது செல்வத்தைக் குறித்ததை அறிந்த நமக்கு இவ்விணைவு வியப்பளிப்பதன்று. பெயரிட்டோர் எண்ணினரோ இல்லையோ, பெயர் தன்னளவில் உண்மையைக் கூறிவிடுகிறது: இவர்கள் மந்தை, இவர்களே வருமானமும்.

மொழியின் நிலையும் நோக்கத்தக்கது. ஊர்த் தலைவன் மென்டெஸும், கோட்டைப் பிரபு றமோன் சலஸாரும், மதக்குழுவின் தலைவன் சாட்லரும் ஆங்கிலம் பேசுகின்றனர். வணிகனும் ஆங்கிலமே பேசுகிறான். குடியானவர் மட்டும் ஸ்பானியம் பேசுகின்றனர். அதுவும் இலத்தீன் அமெரிக்க உச்சரிப்புடைய ஸ்பானியம். ஐரோப்பியக் கிராமத்துக்கு அது பொருந்தாது என்பதையிட்டு எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் பேச்சுக்குத் துணையெழுத்தும் இல்லை. சுரண்டுவோன் எத்துணைக் கொடியவனாயினும் வாதம் புரியும் உரிமை அவனுக்குண்டு. சுரண்டப்படுவோன் எழுப்புவது ஓசை மாத்திரமே. பெசெற்றாவும் அப்படியே. கதை நிகழ்வதாகக் கூறப்படும் 2004 க்கு ஈராண்டு முன்னரே ஸ்பெயின் யூரோவுக்கு மாறிவிட்டது. அசலான ஓர் இடம் விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை. பின்தங்கிய இடம் என்ற எண்ணமே தேவைப்பட்டது.

இனி இவ்விளையாட்டின் மிக முக்கியமான, ஆனால் மிகக் குறைவாகவே பேசப்பட்ட பகுதிக்கு வருவோம். வழியிற் கிடைக்கும் காகிதங்களை நின்று படித்தால், குறிப்பாக லூயிஸ் செரா என்னும் ஆராய்ச்சியாளன் எழுதியதாக வரும் குறிப்புகளைப் படித்தால், நோய் வந்த வரலாறு புலப்படும். ‘பிளாகாஸ்’ எனப்படும் ஒட்டுண்ணிகளைச் சலஸாரின் முன்னோன் ஒருவன் கோட்டைக்கடியில் புதைத்து மூடினான். பின்வந்த பிரபு, மதக்குழுவின் சொற்கேட்டு, அவற்றைத் தோண்டுவித்தான். தோண்டியவர்கள் ஊர்மக்கள். கல்லாகிக் கிடந்த ஒட்டுண்ணிகளின் நுண்டுகள்கள் தோண்டும்போது தூசியோடு அவர்களின் மூச்சிற் கலந்து உடலுக்குள் உயிர்பெற்றன.

அஃதாவது, இது தொழில்வழி நோய். சுரங்கத்திலும் கல்லுடைக்கும் இடத்திலும் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மடிந்த தொழிலாளரின் வரலாற்றை அறிந்த எவரும் இவ்வரிகளைப் படித்துத் திடுக்கிடாதிருக்க முடியாது. எசமானனின் கட்டளைப்படி மண்ணைத் தோண்டியதே அவர்கள் செய்தது. விளையாட்டின் பயங்கரம் முழுவதும் இந்த ஒரு வேலைநாளிலிருந்து பிறந்திருக்கிறது. விளையாட்டோ அதனை, விரும்பினால் மாத்திரம் படிக்கத்தக்க ஒரு துண்டுக் காகிதத்தில் ஒளித்துவைத்திருக்கிறது. ‘ஒட்டுண்ணி’ என்ற சொல் நமது முற்போக்கு எழுத்திலே யாரைக் குறிக்கும் என்பதை வாசகர் அறிவர்: உழைக்காது உண்ணும் நிலவுடைமையாளரையும் வட்டிக்காரரையும் அது குறிக்கும். இங்கே ஒட்டுண்ணி உழைப்பவனின் உடம்புக்குள் வைக்கப்பட்டு, உழைப்பவனே சுடப்படவேண்டியவன் ஆகிவிடுகிறான். உருவகம் தலைகீழாக நிற்கிறது. உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பே மூலதனம் என்று இரத்தக்காட்டேறியின் உருவகத்தால் மார்க்ஸ் விளக்கியதும், பிராங்கன்ஸ்ரைனின் படைப்பிற் பாட்டாளியையும் திறாக்குலாவில் மூலதனத்தையும் பிராங்கோ மொறெற்றி 1982 இல் இனங்கண்டதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன. மொறெற்றி இரு பூதங்களாகப் பிரித்துக் கண்டவற்றை இவ்விளையாட்டு ஒரே உடலிலே திணித்திருக்கிறது. அவ்வுடலைச் சுடும்போது எதனைச் சுடுகிறோம் என்பது விளையாடுவோனுக்குத் தெரியாமற் போகிறது.

நடமாடும் பிணம் என்ற கற்பனையின் வேரும் உழைப்பிலேயே உள்ளது. ஹெயிட்டித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டோர், இறந்த பின்னும் வேலைவாங்கப்படுதல் என்பதையே அனைத்திலும் பெரிய அச்சமாகக் கொண்டனர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அத்தீவை ஆக்கிரமித்திருந்த காலத்திலேயே இக்கதைகள் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. 1932 இல் வந்த ‘வைற் ஸொம்பி’ திரைப்படத்தில் அப்பிணங்கள் சர்க்கரை ஆலையிற் செக்கிழுக்கின்றன. நாளடைவில் வேலை மறைந்து, கடிக்கும் வாய் மட்டும் எஞ்சிற்று. தமிழில் ‘நடைப்பிணம்’ என்ற சொல் உண்டு. நாம் அதனை அச்சமூட்டுவதற்காக ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. வாழ்விழந்து, உழைத்துக் களைத்து, உயிர் இருந்தும் இல்லாதவராய்த் திரிவோரைப் பற்றி இரங்கிக் கூறும் சொல் அது. அச்சொல்லின் வழியே நோக்கினால் இவ்விளையாட்டின் குறைபாடு துலங்கும்: இரங்குவதற்கு அதில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஸ்பானியக் கிராமப்புறத்துக்கு உண்மையான வரலாறொன்றும் உண்டு. 1931 டிசெம்பர் 31 இல், எஸ்திரமதூராப் பிரதேசத்துக் கஸ்தில்பிளாங்கோ என்னும் ஊரில், விவசாயத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது சிவில் காவற்படை சுட்டதில் ஊரவர் ஒருவர் இறந்தார். கொதித்தெழுந்த ஊரவர் காவற்படையினர் நால்வரைக் கொன்றனர். அப்படையின் தலைவராயிருந்த ஜெனரல் சன்ஹூர்ஹோ, தான் மொறோக்கோவிற் போரிட்ட பழங்குடிகளுக்கு அவ்வூரவரை ஒப்பிட்டார். சில நாட்களின் பின், 1932 ஜனவரி 5 இல், ஆர்னெதோ என்ற ஊரில் அதே படை கூட்டத்தின் மீது சுட்டுப் பதினொருவரைக் கொன்றது. கப்கொம் நிறுவனத்தார் இதனை அறிந்து சதுக்கத்திற் காவற்காரனை எரித்தனர் என்று நாம் வாதிட முன்வரவில்லை. அறியாமலே அதே படிமத்துக்கு வந்து சேர்ந்தனர் என்பதே சிந்திக்கத்தக்கது. கருத்துநிலை என்பது அவ்வாறே தொழிற்படுகிறது.

இதே பொறிமுறை 2009 இல் வெளியான ஐந்தாம் பகுதியில் ஆபிரிக்க ஊரொன்றுக்கு இடமாற்றப்பட்டது. வெள்ளை வீரன் கறுப்பின மக்களைச் சுடும் முன்னோட்டக் காட்சி 2007 இல் வெளியானபோதே இனவாதம் என்ற கண்டனம் எழுந்தது. முற்றிலும் நியாயமான கண்டனம் அது. ஆனால் 2005 இல் அதே படுகொலை குடியானவரைக் குறிவைத்தபோது விமரிசகர் அதன் இறுக்கத்தையும் வேகத்தையும் புகழ்ந்ததோடு அமைந்தனர். நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, வர்க்கம் தெரியவில்லை. முதலாவதைக் கண்டவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. இரண்டாவது ஏன் காணப்படவில்லை என்பதே நமது கவலை.

இவ்வளவு கூறியபின், படைப்பு முழுவதையும் நிராகரித்தல் எளிது. அது சரியன்று. விளையாட்டின் தருக்கத்துக்கு மாறான சில இழைகள் உள்ளேயே ஓடுகின்றன. ஆரம்பத்திற் கண்ணியில் அகப்பட்ட நாயொன்றை விடுவித்தால், பின்னர் ஒரு பூதத்தோடு போராடும் வேளையில் அந்நாய் வந்து உதவுகிறது. விலை குறிக்கப்படாத ஒரே உறவு அது. நம் மனத்தில் அது நின்றதற்கும் காரணம் அதுவே. கோட்டையில் ஓரிடத்தில் லியோன் மறைய, அஷ்லியாக நாம் இயங்க வேண்டும். அதுவரை ‘நில்’, ‘வா’ என்ற இரு கட்டளைக்கு உட்பட்ட சுமையாக இருந்தவள் அவள். கையில் துப்பாக்கி இல்லை. மேசைக்கடியில் ஊர்ந்தும் விளக்கை எறிந்தும் தப்ப வேண்டும். கைப்பெட்டியின் செல்வம் முழுவதும் அங்கே பயனற்றுப்போகிறது. சதுக்கத்தில் உணர்ந்த அச்சம் அந்தச் சிறிது நேரத்துக்கு முழுமையாகத் திரும்பி வருகிறது. ஆயுதமும் பணமும் நீங்கியதும் அச்சம் மீளுகிறது என்பதை விளையாட்டே நிரூபித்துக் காட்டியிருக்கிறது.

நாம் இன்புற்றோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. சுட்டதும் தள்ளாடுபவனை ஓடிச்சென்று உதைக்கும் தாளம் கைக்குப் பழகிய பின் அதில் ஒரு நடன இன்பம் உண்டு. உழைப்பாளர் பக்கம் நிற்பதாகக் கூறிக்கொள்ளும் நாம் கவையேந்திய விவசாயியை உதைத்து இன்புற முடிந்தமை, நமது ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியன்று. வடிவத்தின் வலிமையைப் பற்றிய செய்தி. உள்ளடக்கத்தின் ‘பிற்போக்கு’ அம்சங்களைச் சுட்டி அமையும் விமரிசனம் இவ்வின்பத்தின் முன் செயலற்று நிற்கும். கை என்ன கற்றுக்கொண்டது என்று கேட்கும் விமரிசனமே வேண்டப்படுவது. 2023 இன் மீளுருவாக்கத்தில் நடந்துகொண்டே சுடலாம். வசதி கூடியிருக்கிறது, சதுக்கத்தில் வேர்விட்டு நின்ற அந்த உடல் அங்கே இல்லை.

விளையாட்டு முடிந்து தீவு வெடித்துச் சிதறியபின், அதனை உருவாக்கியோரின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. பெரும்பாலோர் அவ்வேளையிற் கருவியைக் கீழே வைத்துவிடுவர். அப்பட்டியலின் பின்னணியில் மென்மையான சோக இசையோடு ஓவியங்கள் வருகின்றன. அவை அக்கிராமத்தின் பழைய நாட்கள். வயல், வீடு, தாய்மார், விளையாட்டில் நாம் ஓரிடத்திலும் காணாத குழந்தைகள். பிறகு மேலங்கி அணிந்தோர் வருகின்றனர், ஊசி ஏற்றப்படுகிறது, முகங்கள் மாறுகின்றன. இவர்கள் யார் என்று, அனைவரும் கொல்லப்பட்ட பின்னர், முதன்முறையாகச் சொல்லப்படுகிறது. ஓவியங்கள் முடிந்ததும் திரையில் எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை சதவீதம் குறிதவறாது சுட்டோம் என்ற கணக்கு வருகிறது. சேர்த்த பணமும் ஆயுதங்களும் கைப்பெட்டியிலே அப்படியே இருக்க, மீண்டும் தொடங்கலாமா என்று அது கேட்கிறது. தொடங்கினால், கிராமத்தின் எல்லையிலேயே வணிகன் காத்திருப்பான். குண்டே தீராத ரொக்கட் ஏவி இப்போது அவனிடம் விற்பனைக்கு உண்டு; விலை 1,000,000 பெசெற்றா.